இரவில் மட்டும் தடுமாறும் ஜிபிஎஸ்
ஆன்டெனா, கேபிள் எல்லாம் மாற்றியும் இரவு 8 முதல் 11 வரை மட்டும் ரிசீவர் செயற்கைக்கோள்களைத் தவறவிடுகிறது, அதுவும் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு) பக்கத்தில் என்கிறீர்கள். அப்படியென்றால் எனக்குச் சந்தேகம் அயனி மண்டலத்தின், அதாவது சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டல அடுக்கின் மேல்தான். சூரியன் மறைந்ததும் அதன் அடிப்பகுதி சட்டென்று மெலிந்துவிடும், அங்கிருந்து அடர்த்தி குறைந்த பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) குமிழிகள் பல நூறு கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளம்பும், அவற்றின் ஊடாக வரும் சிக்னலின் வலு நொடிக்கு நொடி துள்ளும், ரிசீவர் பிடியை விட்டுவிடும். இரட்டை அலைவரிசை ரிசீவர், அந்த மண்டலத்தில் சிக்னல் தாமதமாவதால் வரும் பிழையைத்தான் திருத்தும், இந்த மினுக்கலை நிறுத்தாது, அதற்காக மட்டும் வாங்காதீர்கள். முதலில் சிக்னல் வலுப் பதிவைப் பாருங்கள். வானத்தில் ஒரு பக்கம் இருக்கும் செயற்கைக்கோள்களின் சிக்னல் மட்டும் துள்ளினால் குமிழிதான். எல்லாமே ஒரே நேரத்தில் விழுந்தால் பக்கத்தில் ஏதோ மின்கருவி இரைச்சல் போடுகிறது, அதைத் தேடுங்கள்.