உச்ச சுரம் எட்டவில்லை என்றால் குரல் போய்விட்டதா? ஒரு ராக் பாடகரின் கேள்வி

கேள்வி: அம்மா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 66. எழுபதுகளின் கடைசியிலிருந்து தம்பிமாருடன் ஒரு ராக் குழுவில் முன்னணிப் பாடகன். இப்போதும் கல்யாணம், பிறந்தநாள் விருந்து என்று பாடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வருடமாக மேல் சுரம் எட்டவில்லை, எட்டினாலும் உடைகிறது. பாடிய மறுநாள் முழுக்கத் தொண்டை கம்மிக் கிடக்கிறது. பேச்சுக் குரலும் மெலிந்துவிட்டது. டெலிபோனை எடுத்தால் என் மனைவி என்று நினைத்துப் பேசுகிறார்கள். சிகரெட்டை விட்டுப் 12 வருடம் ஆகிறது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் மாத்திரை சாப்பிடுகிறேன். அவ்வப்போது வறட்டு இருமல் வரும். கிட்டார் வாசிக்கும் தம்பி மகன் சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாடச் சொல்கிறான். அப்படி இறக்கினால் அவமானம் இல்லையா? குரலுக்கு மருந்து ஏதாவது உண்டா? ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் பாட ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்: ஐயா, வணக்கம். தம்பி மகன் சொல்வதைக் கேளுங்கள். அரைக் கட்டை போதாவிட்டால் ஒரு கட்டையே இறக்குங்கள். அவமானத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். அதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

பழைய சிகரெட்டும், திரும்பத் திரும்ப வரும் கம்மலும் ஒரே கடிதத்தில் இருந்தால் தொண்டையைப் பார்க்காமல் யோசனை சொல்வது எனக்குப் பிடிக்காது. மூன்று நான்கு வாரமாகியும் தெளியாத கம்மல், விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதில் குத்தல், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் தாமதிக்காமல் போகவேண்டும். நீங்கள் புகையை விட்டதால் ஆபத்து குறைந்திருக்கிறது, அடியோடு போய்விடவில்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுக் குரல்வளையைப் பார்ப்பது சில நிமிட வேலைதான். ஸ்ட்ரோபோஸ்கோப் வசதி உள்ள இடமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அந்தத் துடிக்கும் வெளிச்சத்தில் குரல் நாண்களின் அதிர்வு மெதுவாக நடப்பதாகத் தெரியும். சாதாரண வெளிச்சத்தில் தப்பிவிடும் சின்ன வீக்கமும் தழும்பும் அதில் அகப்படும்.

அங்கே கெட்டது எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பார்க்கிறவர் கண்ணில் படக்கூடியது இதுதான்: ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு வெள்ளை நாண்கள், மூடும்போது முன்னும் பின்னும் சேர்ந்து, நடுவில் மட்டும் சேராமல், வெள்ளரி விதை வடிவத்தில் ஓர் இடுக்கை விட்டிருக்கும். ஐம்பது அறுபதைத் தாண்டியபின் நாணுக்குள் இருக்கும் தசை மெலிகிறது. அதன்மேல் போர்த்திய மென்படலம் ஈரப்பிடிப்பையும் நெகிழ்வையும் இழக்கிறது. நேராக இருந்த விளிம்பு வளைந்துவிடுகிறது. நீங்கள் பாடும்போது அந்த இடுக்கு வழியாகக் காற்று வீணாகிறது.

மெலிந்த நாண் வேகமாக அதிரும். ஆண்கள் பேசும்போது விநாடிக்கு 100 முதல் 130 தடவை அதிரும் நாண், முதுமையில் அதைவிடக் கூடுதலாக அதிர்கிறது. பேச்சுக் குரல் கொஞ்சம் உயர்ந்து, கனம் குறைந்து கேட்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் நாண் தடித்துக் குரல் இறங்குகிறது. ஆகையால் டெலிபோனில் தடுமாறுகிறவர்களைக் கோபிக்க வேண்டாம். நீங்கள் மேலேறுகிறீர்கள், வீட்டம்மா கீழிறங்குகிறார். இருவரும் பாதி வழியில் சந்திக்கிறீர்கள்.

பேச்சுக் குரல் ஏறும்போது பாட்டின் மேல் சுரம் மட்டும் ஏன் எட்டாமல் போகிறது? ராக் பாடகர்கள் பிடிக்கும் உச்சங்களில் நாண் விநாடிக்கு 500 தடவைக்கு மேல் அதிரவேண்டும். மெலிந்திருந்தால் மட்டும் அது நடக்காது. நாண் இழுபட்டு நீளவேண்டும், விளிம்பு இறுக்கமாக மூடவேண்டும். இழுக்கிற வேலை தொண்டை முடிச்சில் இருக்கும் குருத்தெலும்பு முன்பக்கமாகச் சாய்வதால் நடக்கிறது. இருபதுகளின் முடிவிலிருந்தே அந்தக் குருத்தெலும்பு ஆண்களுக்கு மெல்ல மெல்ல எலும்பாகிக்கொண்டு வருகிறது, மூட்டுகளும் இறுகுகின்றன. சாய்வு குறைகிறது, நீட்சி குறைகிறது, மூடலும் சரியில்லை. உச்ச சுரம் உடைவதற்கு இவ்வளவு போதும். போதாததற்கு, முழு மூச்செடுத்து ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு முப்பது வயதுக்குப்பின் வருடத்துக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் குறைகிறது. இருபத்தைந்து வயதில் நீங்கள் பிடித்த நீண்ட கார்வைக்கு இருந்த மூலதனம் இப்போது கையில் இல்லை.

இந்த நிலையில் அனுபவமுள்ள பாடகர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைக்க, வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளி அந்தச் சுரத்தைப் பிடித்துவிடுவார். சபை கைதட்டும். உள்ளே நாண்கள் ஒன்றையொன்று அறைந்து வீங்கும். இளம் வயதில் ஒரு தூக்கத்தில் வற்றிவிடும் அந்த வீக்கம், இந்த வயதில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். உங்கள் உச்ச சுரத்தை எடுத்துக்கொண்டது வயது. மறுநாள் கம்மல், நான் ஊகிக்கிறபடி, அந்தச் சுரத்தை விடமாட்டேன் என்று நீங்கள் போட்ட சண்டையில் வந்தது. முதலாவதைத் திருப்ப முடியாது. இரண்டாவதை நிறுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

காதையும் கவனியுங்கள். நாற்பது வருடம் டிரம்ஸுக்கு முன்னால் நின்ற காது எதையும் சரியாகக் கேட்காது. தன் குரல் தனக்கே கேட்காத பாடகன் தன்னை அறியாமல் கத்துவான். செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டு, மேடையில் உங்கள் பக்கத்து ஒலிபெருக்கியில் உங்கள் குரலை மட்டும் தூக்கிவைக்கச் சொல்லுங்கள். பல பாடகர்களுக்கு நான் முதலில் எழுதித்தரும் மருந்து இதுதான்.

இனி அவமானம். லெட் செப்பலின் ராக் குழுவின் ராபர்ட் பிளான்ட், ஏரோஸ்மித் ராக் குழுவின் ஸ்டீவன் டைலர் இருவரும் 1948-ல் பிறந்தவர்கள், இருவரும் உச்சக் குரலால் பேர் வாங்கியவர்கள். பிளான்ட் தன் பழைய வீறிடலைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 2007-ல் அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸுடன் சேர்ந்து தாழ்ந்த, அடங்கிய குரலில் பாடிய இசைத்தட்டுக்கு கிராமி விருதே கிடைத்தது. டைலர் எழுபதைத் தாண்டியும் பழைய உயரத்திலேயே பாடிவந்தார். 2023 செப்டம்பரில் ஒரு கச்சேரியில் தொண்டையில் அடிபட்டது. குரல்வளையில் முறிவு என்று பிறகு தெரிந்தது. 2024 ஆகஸ்டில் ஏரோஸ்மித் குழு சுற்றுப்பயணங்களையே நிறுத்திக்கொண்டது. உயரப் பாடியதால்தான் முறிந்தது என்று நான் சொல்லவில்லை, அது ஒரு காயம். ஆனால் இந்த இரண்டு பாதைகளில் எதைத் தேர்வீர்கள் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். நம் டர்பனில் பிறந்த பிளான்டி சாப்லினையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1960-களில் த ஃப்ளேம்ஸ் குழுவில் பாடி, 1972-ல் அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவில் சேர்ந்தவர், பிற்பாடு பல வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். முன்னால் நிற்பது ஒன்றுதான் பாட்டுக்காரனுக்கு இடம் என்று யார் சொன்னது? நம் சங்கீத வித்துவான்களும் வயது ஏற ஏறச் சுருதியைக் குறைத்துக்கொள்கிறார்கள். ரசிகர்கள் அதைக் குற்றமாக எண்ணுவதில்லை.

எவ்வளவு இறக்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு முறை கத்திப் பிடிக்க முடிந்த சுரத்தை அளவாகக் கொள்ளாதீர்கள். மெல்லிய குரலில், மூன்று முறை அடுத்தடுத்து, உடையாமல் பாட முடிந்த சுரம் எதுவோ அதுதான் உங்கள் மேல் எல்லை. பாட்டின் உச்சம் அதற்குள் வரும்வரை இறக்குங்கள். எல்லாக் கிட்டார்களையும் அரைக் கட்டை தளர்த்தினால் விரல் பிடிப்பு மாறாது. கம்பி தொளதொளக்கும் என்றால் ஒரு சுற்றுத் தடித்த கம்பி போடலாம். கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானே இருக்கிறது. இறக்கியும் எட்டாத ஒரே ஒரு வீறிடல் இருந்தால் அதைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது கள்ளத்தொண்டையில், அதாவது மெல்லிய பொய்க்குரலில், லேசாகத் தொட்டுவிட்டு வாருங்கள்.

கரகரப்பு வேண்டுமே என்பீர்கள். நல்ல ராக் பாடகர்களின் கரகரப்பில் பெரும்பங்கு குரல் நாணுக்கு மேலே இருக்கும் மடிப்புகள் அதிர்வதால் வருகிறது. கீழே நாண் சுத்தமாகவே ஒலித்துக்கொண்டிருக்கும். தொண்டை எரிகிற கரகரப்பு அந்த வகை இல்லை. இதைக் கட்டுரை படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, ஆசிரியர் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழத்துக்கு விட்டு, உதட்டை இறுக்கமாக மூடி, ஸ்ட்ரா வழியாக ‘ஊ’ என்று ஒலியுங்கள். தண்ணீர் சீராகக் குமிழியிடவேண்டும். கீழிருந்து மேலே சறுக்கிப் போய் மறுபடி இறங்குங்கள். கன்னத்தையும் கழுத்தையும் தளர்வாக வைத்திருங்கள். வாயில் திரளும் எதிரழுத்தம் நாண்கள் மோதும் வேகத்தைக் குறைக்கிறது. ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், நாளில் மூன்று நான்கு தடவை. பாடுவதற்கு முன்னும் பாடி முடித்த பின்னும் கட்டாயம். இதோடு, ஒரே மூச்சில் ‘ஆ’ என்று எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள் என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பத்து விநாடிக்கும் குறைந்தால் காற்று அதிகமாகக் கசிகிறது என்று அர்த்தம். அதை நிபுணரிடம் சொல்லுங்கள். முறையான குரல் பயிற்சிக்குப் பதிவுபெற்ற பேச்சு வைத்தியரிடம் போகலாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், ஆகவே ஜூலை நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வறட்டு இருமலுக்கு உங்கள் மாத்திரையே காரணமாக இருக்கலாம். எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத இருமலைக் கொண்டுவரும், ஒவ்வொரு இருமலும் நாணுக்கு ஓர் அடி. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் லோசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றித் தருவார். இருமல் மாத்திரையால்தான் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

அதிமதுரத்தை ஆசையாக மெல்லுகிற பாடகர்கள் நம்மில் நிறையப் பேர். உங்களுக்கு வேண்டாம். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். இஞ்சி, தேன், பனங்கற்கண்டு தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. அந்த வழியில் போனால் புரையேறிவிடும். நாணைத் தொடுவது நீராவி மட்டும்தான். கச்சேரிக்கு முன் தொண்டை வலிக்கு டிஸ்பிரின் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும், கத்திப் பாடும்போது நாணில் ரத்தக்கசிவு ஏற்பட அது வழிசெய்யும். இதயத்துக்காக மருத்துவர் தினமும் எழுதிக்கொடுத்திருந்தால் அது வேறு கதை. நள்ளிரவுக் கச்சேரி முடிந்து, ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய பன்னி சௌ சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பதும் நல்லதில்லை, என்றாலும் எல்லாக் கம்மலையும் வயிற்றுப் புளிப்பின் தலையில் போடுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

ஊசியும் அறுவையும் இருக்கின்றன. நாணுக்குள் ஹயலூரானிக் அமிலம் செலுத்தி அந்த இடுக்கை நிரப்பலாம், சில மாதம் தாங்கும். அமெரிக்க ராக் பாடகர் ஜான் பான் ஜோவிக்கு ஒரு பக்க நாண் மெலிந்துபோனதால் 2022-ல் கழுத்து வழியாக ஒரு சிறு துண்டைப் பொருத்தி அதை நடுப்பக்கம் தள்ளினார்கள். மேடைக்குத் திரும்ப அவருக்கு நீண்ட காலம் பிடித்தது. பயிற்சி தோற்றபிறகு யோசிக்கவேண்டிய வழி இது. உங்களுக்கு இப்போது தேவையில்லை.

லெனேசியா விஷயம். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் அங்கே குளிர், மழையே இராது, காற்று உலர்ந்து கிடக்கும். டர்பனின் ஈரக்காற்றில் பழகிய தொண்டை முதல் நாளே வறளும், மூச்சும் சீக்கிரம் வாங்கும். முந்தின நாளே போய்ச் சேருங்கள். ஆறு மணி நேரக் கார்ப் பயணத்தில் எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிக்கொண்டு போகாதீர்கள். படுக்கும் அறையில் ஹீட்டர் போட்டால் ஈரத் துண்டு ஒன்றைக் காயப்போடுங்கள். காலையில் எழுந்ததும், ஓர் எளிய பாட்டின் முதல் அடியை மேல் ஸ்தாயியில் முணுமுணுப்பாகப் பாடிப் பாருங்கள். ஒலி உடனே பிறக்காமல் காற்று மட்டும் முதலில் வந்தால் நாண் வீங்கியிருக்கிறது. உரக்கப் பாடினால் அது தெரியாது, மெல்லப் பாடினால்தான் தெரியும். அப்படி இருந்தால் அன்றைக்கு ஒத்திகையை விட்டுவிடுங்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம், பேசாமல் இருங்கள். கச்சேரி வரிசையில் தாழ்ந்த சுருதிப் பாட்டுகளை முதலில் போட்டு, கடினமான பாட்டை மூன்றாவது நான்காவது இடத்தில், குரல் சூடேறியும் களைக்காமலும் இருக்கும்போது பாடிவிடுங்கள். அதைக் கடைசிக்கு வைக்கச் சொல்லித் தம்பிமார் வற்புறுத்துவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.