ஏர் டெக்கான் ஏன் காணாமல் போனது?

மக்களுக்குப் பிடிக்காமல் போய் மூடிய மலிவு விலை விமானக் கம்பெனி இல்லை இது. முன்னாள் ராணுவ அதிகாரி கேப்டன் கோபிநாத் 2003-ல் பெங்களூரில் தொடங்கினார், சின்ன ஏடிஆர் விமானங்களை வைத்து கர்நாடகத்தின் ஹூப்ளி மாதிரி ஊர்களுக்கெல்லாம் விட்டார். சாப்பாடு இலவசம் கிடையாது, இடைத்தரகரை நம்பாமல் இணையத்திலேயே டிக்கெட், சில சீட்டுகள் ஒரு ரூபாய்க்குக்கூட. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த 'சாமானிய மனிதன்' தான் அவர்கள் சின்னம், அது எனக்கு இன்றும் மனசுக்கு நெருக்கமானது.

ஆனால் டிக்கெட் விலை செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை, போட்டிக்கு ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ வேறு வந்துவிட்டன, நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. 2007-ல் கிங்ஃபிஷர் விமானக் கம்பெனியின் முதலாளி விஜய் மல்லையா டெக்கானில் பங்கு வாங்கினார். அவருக்கு வேறு கணக்கும் இருந்தது: வெளிநாட்டுக்குப் பறக்க ஐந்து வருடம் உள்நாட்டுச் சேவை நடத்தியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி, 2005-ல் தொடங்கிய கிங்ஃபிஷருக்கு அது இல்லை, டெக்கானுக்கு 2008-ல் நிறைவானது. இரண்டும் இணைந்தன, அந்த வருடமே கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது.

இணைப்புக்குப் பிறகு டெக்கான், 'கிங்ஃபிஷர் ரெட்' என்ற பெயரில் கிங்ஃபிஷரின் மலிவுச் சேவை ஆனது. 2011-ல் மலிவுச் சேவையே வேண்டாம் என்று மல்லையா அறிவித்தார். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்தியது.