வாடகை இல்லாத வீடு என்று ஒன்று இல்லை, தம்பி

தம்பி, யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்து முடித்துவிட்டு மாணவர் விசாவில் பேர்லின் வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு என்ன உடுப்பு, எந்தக் காப்புறுதி, ஜேர்மன் மொழி எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கடைசியில், அரசும் தலைவரும் வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்ட் கலைஞர்கள் வெறும் கட்டடங்களைப் பிடித்து வாடகை இல்லாமல் இருக்கிறார்களாமே, அவர்களோடு போய்த் தங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள், கொழும்பில் வாங்கும் ஜாக்கெட் நவம்பரைத் தாங்காது, அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வந்தது 1984இல். அப்போது வழி இதுதான்: கிழக்கு பேர்லினில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ ரயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து மேற்குக்குப் போகிற ரயிலைப் பிடிப்பது. கிழக்குக்காரர் போக விட்டார்கள். மேற்குக்காரர் அதை ஒரு எல்லை என்றே ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுப் பார்க்க ஆள் இல்லை. அடுத்த வருடம் ஜூலையில் எங்கள் ஆட்களுக்கு அந்த வழியை மூடிவிட்டார்கள். ஹைமில், அதாவது அகதிகளைத் தங்கவைக்கிற விடுதியில், ஒரு அறைக்கு ஆறு பேர். வேலை செய்யத் தடை, நகரத்தை விட்டு வெளியே போகத் தடை. பகல் முழுக்க நடப்பேன். அப்படி நடந்து நடந்துதான் குரோய்ட்ஸ்பெர்க்குக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மேற்குப் பக்கத்தில் பேர்லின் மதில் ஓரத்தில் கிடந்த பகுதி அது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டினால் மானியம் கிடைக்கும் என்று உரிமையாளர்கள் அவற்றைப் பாழாக விட்டிருந்தார்கள். இளம் பிள்ளைகளுக்கோ இருக்க அறை இல்லை. அவர்கள் கதவை உடைத்து உள்ளே போய், கூரையைத் திருத்தி, குழாயைப் போட்டு, குடியேறிவிட்டார்கள். திருத்துவது, பிடிப்பது இரண்டுக்குமான ஜேர்மன் சொற்களை ஒட்டி அதற்கு ‘இன்ஸ்டாண்ட்பெசெட்சுங்’ என்று பெயரும் வைத்தார்கள். 1981இல் அப்படி 160க்கும் மேற்பட்ட வீடுகள். அந்த வருடம் செப்டெம்பர் 22ஆம் திகதி எட்டு வீடுகளைப் பொலிஸ் காலி செய்தது. அன்று பொட்ஸ்டாமர் ஸ்ட்ராஸவில் கிளாவுஸ்-யூர்கன் ராட்டாய் என்ற 18 வயதுப் பொடியன் பஸ்ஸில் அகப்பட்டுச் செத்தான். நான் வந்தபோது பல வீடுகள் வெளியேற்றப்பட்டு, மற்றவை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சட்டப்படியானவையாக மாறிக்கொண்டிருந்தன.

நான் போன வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் எல்லாருக்கும் பொதுச் சமையல். ‘ஃபோல்க்ஸ்குயூச்சே’ என்பார்கள், இப்போது ‘எல்லாருக்குமான குசினி’ என்கிற ஜேர்மன் சொற்களைச் சுருக்கி ‘குயூஃபா’ என்கிறார்கள். என்னை எந்த நாடு, ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கோப்பை பருப்புச் சூப்பைத் தந்துவிட்டு, சாப்பிட்டு முடிந்ததும் நிலவறையிலிருந்து நாலாம் மாடிக்குக் கரி தூக்கச் சொன்னார்கள். அந்த வீட்டில் என் முதல் வாடகை அது. செங்கல் மாதிரி அச்சில் அடித்த பழுப்புக் கரி, ஒரு வாளிக்குப் பத்துப் பன்னிரண்டு. கக்கூஸ் படிக்கட்டு நடுவில், இரண்டு மாடிக்கு ஒன்று, ஜனவரியில் தண்ணீர் உறைந்துவிடும். ஞாயிறு பின்னேரம் கூட்டம். தலைவர் இல்லாத வீடு என்றால் யார் கக்கூஸ் கழுவுவது என்பதைக்கூட எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை பேச வேண்டும், நாலு மணி நேரம் பேசுவார்கள். வாடகை இல்லை என்று உங்களுக்குச் சொன்னவர் இந்தக் கரியையும் இந்தக் கூட்டத்தையும் கண்டிருக்கமாட்டார்.

அந்த நிலவறையில்தான் நான் சில்க்ஸ்கிரீன் அச்சு படித்தேன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, நடுவில் வெட்டின படம், மேல் ஓரத்தில் கொட்டின கறுப்பு மை. ரப்பர் கட்டையை இரண்டு கையாலும் ஒரே அழுத்தத்தில் உன் பக்கம் இழு, நடுவில் நிறுத்தாதே என்று ஒரு பெண் என் கைமேல் கைவைத்துக் காட்டினாள். நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். முதல் இரவு முப்பது தாள் பாழாக்கினேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஈரச் சுவரொட்டிகளைக் குசினிக்குக் குறுக்கே கொடி கட்டி உடுப்பு மாதிரிக் காயப்போடுவோம். பிறகு 31 வருடம் அந்தத் தொழிலிலேயே சோறு தின்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஆகவே அந்த ஆட்களைப் பற்றி நான் குறைவாகக் கதைக்கமாட்டேன்.

சரி, இனி எச்சரிக்கை. 1987 மே முதலாம் திகதி. அன்று விடியவே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்தவர்களின் அலுவலகத்தைப் பொலிஸ் மேரிங்ஹோஃப் கட்டடத்தில் புகுந்து சோதித்திருந்தது. பின்னேரம் குரோய்ட்ஸ்பெர்க்கின் லவுசிட்சர் பிளாட்ஸ் சதுக்கத்தில் நடந்த தெருவிழா கல்லும் தீயுமாக மாறியது. பொலிஸ் பல மணி நேரம் அந்தப் பக்கத்தை விட்டே விலகி நின்றது, கோர்லிட்சர் நிலையத்தின் பக்கத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் எரிந்து போனது. நான் ஒரு கல்லையும் எடுக்கவில்லை. சுவரொட்டிச் சுருள் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நண்பன் ஒருவனோடு நின்றேன். இரவு இருவரையும் பிடித்தார்கள். அவன் ஒரு டாக்டரின் மகன், மறுநாள் காலை வீட்டில் கோப்பி குடித்தான். எனக்கு, வெளிநாட்டவர் அலுவல் பார்க்கிற இடத்திலிருந்து கடிதம் வந்தது. என் அகதி விண்ணப்பக் கோப்பில் அந்த ஒரு இரவு ஒட்டிக்கொண்டு ஒன்றரை வருடத்தைத் தின்றது. அவன்மேல் எனக்குக் கோபமில்லை, எனக்கு வக்கீல் பிடிக்கக் காசு சேர்த்தவனே அவன்தான். ஆனால் தம்பி, ஒரே பொலிஸ் வானில் ஏற்றினாலும் இறங்குகிற இடம் வேறு. அவர்கள் மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் விசாவில் இருப்பது உங்கள் பெயர் மட்டும்.

இன்றைய சட்டத்தையும் விளங்கிக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு வீட்டைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் வெளியேற்றுவது என்பதுதான் 1981இலிருந்து இந்த நகரத்தின் வழக்கம். அத்துமீறி நுழைந்ததற்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது தண்டம் என்று குற்றவியல் சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட முக்கியம், நீங்கள் வந்ததும் விலாசம் பதிய வேண்டும், அதற்கு வீடு தருபவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பிடித்த வீட்டில் அதை யார் தருவார்? பதிவு இல்லாவிட்டால் விசா நீட்டிப்பும் சிக்கல். பழைய பிடித்த வீடுகளில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டவை இருக்கின்றன, அங்கே அறை கிடைத்தால் தாராளமாகப் போங்கள், தாளும் கிடைக்கும். ஆனால் ஆறு மாதம் அவர்கள் குசினியில் வெங்காயம் வெட்டாமல் உங்களுக்கு அறை வராது.

எங்கள் சனத்திலும் இரண்டு வகை உண்டு, இரண்டும் எனக்குப் பிடிக்காது. ஒரு பகுதி, அதுகள் கஞ்சாக்காரர், குளிக்காததுகள் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 80களில் நாடுகடத்தலுக்கு எதிராகத் தெருவில் நின்றவர்கள் அந்தக் குளிக்காதவர்கள்தான் என்பது இவர்களுக்கு நினைவில் வராது. 2012இலிருந்து 2014 வரை குரோய்ட்ஸ்பெர்க்கின் ஒரானியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் அகதிகள் கூடாரம் போட்டிருந்தபோது நான் சோறு கொண்டு போவேன், அங்கே பாத்திரம் கழுவியவர்களில் பாதிப் பேர் அந்த வீடு பிடிக்கிற ஆட்கள். எங்கள் சங்கக்காரர் ஒருவரையும் காணவில்லை. மற்றப் பகுதி, அண்மையில் நல்ல சம்பளத்துக்கு வந்தவர்கள். கேட்கிற வாடகையை அப்படியே கொடுத்துவிட்டு, சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள்.

சுவரோவியம் என்றதும் ஞாபகம் வருகிறது. குவ்ரிஸ்ட்ராஸவில் ப்ளூ என்ற இத்தாலிய ஓவியர் இரண்டு பெரிய படம் வரைந்திருந்தார். ஒன்றில் தலையில்லாத ஒரு ஆள் கழுத்துப்பட்டியைச் சரி செய்கிறார், இரண்டு கையிலும் தங்கக் கடிகாரம், அவை விலங்கு மாதிரி ஒரு சங்கிலியால் பிணைத்திருக்கும். பக்கத்து வெறும் காணியில் வீடு கட்டி விற்கும் திட்டம் வந்தது, படம் அதற்கு இலவச விளம்பரமாகிவிடும் நிலை. 2014 டிசம்பரில் ஒரு இரவு, ஓவியரின் சம்மதத்தோடு அவரோடு வேலை செய்தவர்களே முழுவதையும் கறுப்படித்துவிட்டார்கள். நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். ஐந்தாறு மாடி உயரத்துக்கு வெறும் கறுப்பு, ஆட்கள் கதைக்காமல் நின்றார்கள். இங்கே வந்து நான் கண்ட நேர்மையான கலைச்செயல் அது. டாஹெலெஸுக்கு நடந்தது மறுபக்கம். இடிக்க இருந்த பழைய வணிகக் கட்டடத்தை 1990 பெப்ரவரியில் கலைஞர்கள் பிடித்துக் காப்பாற்றினார்கள், உலகம் முழுவதும் பார்க்க வந்தது, 2012 செப்டெம்பரில் வெளியேற்றினார்கள். இப்போது அதில் டிக்கெட் வாங்கிப் போகிற புகைப்பட அருங்காட்சியகம். சுற்றிலும் விலை கூடிய வீடுகள்.

வந்து இறங்கியதும் முதலில் பதிவு, பிறகு வங்கி. அப்புறம் ஒரு பின்னேரம் லவுசிட்சர் ஸ்ட்ராஸவில் இருக்கிற ரேகன்போகன்ஃபப்ரிக்குக்குப் போங்கள், அதுவும் 1981இல் பிடித்த இடம்தான், இன்றும் சைக்கிள் பட்டறையும் குசினியும் ஓடுகிறது. வேடிக்கை பார்க்க வந்த ஆள் மாதிரி நிற்காமல், என்ன செய்யலாம் என்று கேளுங்கள். என் நிலவறையில் பழைய அச்சு மரச்சட்டம் ஒன்று கிடக்கிறது, ஐம்பதுக்கு எழுபது சென்டிமீட்டர். வலை ஒரு மூலையில் கிழிந்துவிட்டது, புதிதாக இழுக்க இரண்டு ஆள் வேண்டும், என் வலது தோள் இப்போது சரியில்லை. ஞாயிறில் வாருங்கள்.