தெரஸ் வீட்டின் பின்பக்கம் சேர்த்துக் கட்டும்போது செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி: பினாங்கு பட்டர்வொர்த்தில் 20 அடி அகல இரட்டை மாடி தெரஸ் வீடு (வரிசை வீடு). பின்பக்கம் சமையலறையைப் பெரிதாக்கி, அம்மாவுக்குக் கீழேயே ஓர் அறையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தெரிந்தவர் ஒருவர் பெர்மிட் எல்லாம் வேண்டாம், 38,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) முடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னும் எங்கெல்லாம் செலவைக் குறைக்கலாம்?

பதில்:

“தெரிந்தவர் ஒருவர்”, “பெர்மிட் வேண்டாம்”. இந்த இரண்டையும் ஒரே கேள்வியில் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பார்த்துவிட்டு சும்மா போக மனசு வரவில்லை. நான் இன்ஜினியர் இல்லை. பிறையில் ஒரு தொழிற்சாலையில் 24 வருடமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஆனால் ஒரே சமையலறையை இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை தெரிகிறது. அம்மாவால் மாடி ஏற முடியவில்லை. கையில் இருப்பது அளந்த பணம். தீபாவளிக்குள் முடிந்தால் தேவலை என்று வீட்டில் பேச்சு நடக்கும். 2017இல் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். என் வீட்டுக்காரர் 50 வயதில் எடுக்கக்கூடிய சேமநிதிப் பணத்தை எடுத்தார். முறையாக பிளான் வரைந்து, பெர்மிட் எடுத்து, கட்டிக் கொடுக்க ஒருவர் 58,000 வெள்ளி கேட்டார். கோவிலில் பழக்கமான இன்னொரு குத்தகையாளர், “தங்கச்சி, எதுக்குமா வீண் செலவு? நம்ம ஆளுங்களுக்கு நான் பார்த்துச் செய்யமாட்டேனா?” என்று 42,000க்கு ஒத்துக்கொண்டார். 16,000 வெள்ளி மிச்சம். கேபினட், ஃபிரிட்ஜ், அத்தைக்கு நல்ல கட்டில் என்று அன்று ராத்திரியே மனசுக்குள் வாங்கிவிட்டேன்.

அந்த 16,000 எங்கே குறைந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. பெரும்பகுதி தரைக்குக் கீழே குறைந்திருந்தது.

நம் பக்கத்து மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த், பிறை எல்லாம் கடலோரக் களிமண். தோண்டினால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று வரும். அதனால் வீட்டைக் கட்டிய டெவலப்பர் ஆழமாக பைலிங் (மண்ணுக்குள் இறக்கும் நீளத் தூண்கள்) அடித்துத்தான் கட்டியிருந்தார். பின்னால் சேர்த்துக் கட்டிய எங்கள் பகுதிக்கு மூன்றடிப் பள்ளம், அதில் ஃபுட்டிங் என்கிற கான்கிரீட் அடித்தளம், அவ்வளவுதான். பின்முற்றம் வீட்டுத் தரையைவிட ஓரடி தாழ்வு என்பதால் மண்ணைக் கொட்டி நிரப்பி, கம்பி வலை விரித்து, அதன்மேலேயே தரை போட்டார்கள். கொட்டிய மண்ணின் பாரமே அடியில் இருக்கும் களிமண்ணை அமுக்கும் என்று எனக்கு யார் சொல்வது? பழைய வீடு அசையாமல் நிற்கிறது, புதுப் பகுதி மெதுவாக இறங்குகிறது. இரண்டையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால் நடுவில் கிழியாமல் என்ன செய்யும்?

2017 தீபாவளி அக்டோபர் 18. அதற்கு ஒரு வாரம் முன்பே வேலை முடிந்து, புதுச் சமையலறையில்தான் முறுக்கு சுட்டோம். வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நவம்பர் 4 ராத்திரி அந்தப் பெருமழை. பினாங்கில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், தீவும் பெருநிலமும் ஒரே வெள்ளக்காடு. எங்கள் வீதியில் வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை. எங்களுக்குத் தண்ணீர் மேலிருந்து வந்தது. பழைய சுவரும் புதுத் தகரக் கூரையும் சேரும் இடத்தில் சுவரைப் பள்ளமாக வெட்டித் தகடு செருக வேண்டும். ஃபிளாஷிங் என்பார்கள். எங்களுக்கு அந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பி, மேலே சிலிக்கோன் இழுத்துவிட்டிருந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அரிசித் தொட்டிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

விரிசல் அதற்குப் பிறகு வந்தது. முதலில் முடி போல ஒரு கோடு. குத்தகையாளரிடம் சொன்னபோது “பூச்சு காயுது, அவ்வளவுதான்மா” என்றார். என் வீட்டுக்காரர் கோட்டின் இரண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, பக்கத்தில் தேதி எழுதி, மாதாமாதம் ஸ்கேலில் அளந்தார். 2018 நடுவில் இருபது காசு நாணயம் அந்தக் கோட்டுக்குள் நிமிர்ந்து நின்றது. கேபினட் கதவு தானாகத் திறந்துகொள்ளும். தரையைக் கழுவினால் தண்ணீர் கழிவுத் துளைக்குப் போகாமல் பின் மூலையில் போய்த் தேங்கும். தைல்ஸைத் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் சுவரிலும் தைல்ஸ் வெடித்தது. அதற்கும் நாங்கள்தான் பணம் கொடுத்தோம், கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

2019இல் கூரையைக் கழற்றி, தரையை உடைத்து, பின்சுவரை இடித்து மறுபடி கட்டினோம். 31,000 வெள்ளி. 42,000மும் 31,000மும் சேர்ந்தால் 73,000. முதலில் கேட்ட 58,000 வெள்ளியைவிட 15,000 அதிகம்.

நம் ஆளுக்கு வேலை கொடுக்காதே என்று சொல்வதாக யாரும் கிளம்பி வர வேண்டாம். இரண்டாவது தடவை கட்டியவரும் தமிழர்தான், புக்கிட் மெர்தாஜாம்காரர். முதல் நாளே கம்பியைக் குத்தி மண்ணைப் பார்த்தார். ஒவ்வொரு தூணுக்குக் கீழும் 20 அடி பாக்காவ் கட்டைகளைக் கொத்தாக அடித்தார். அலையாத்திக் காட்டு மரம் அது. எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழேயே இருந்தால் அழுகாது, காற்றுப் பட்டால் போய்விடும் என்று கட்டையின் தலையை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துகிறார் என்பதையும் காட்டினார். மண்ணைக் கொட்டி நிரப்பவில்லை. தரையை, தூண்களை இணைக்கும் கான்கிரீட் பீம்மேல் தாங்க வைத்தார். பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு, நெகிழ்கிற பசையால் அடைத்தார். “கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்கா. இறங்கினா இந்த இடத்துல இறங்கட்டும், சுவரைக் கிழிக்காது” என்றார். கேட்கக் கேட்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைத்தான் 58,000க்காரர் முதலிலேயே தன் தாளில் எழுதியிருந்தார். நான் கடைசி வரியில் இருந்த தொகையை மட்டும் படித்தேன்.

இடித்து மறுபடி கட்டிய அந்த இரண்டு மாதம் நாங்கள் இருந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும். இடிக்கிற வீட்டில் எப்படி இருப்பது என்று வாடகைக்கு வீடு தேடினேன். ஒன்பது இடத்துக்கு ஃபோன் போட்டேன். சில விளம்பரத்தில் இந்தியர்களுக்கு இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். சில இடத்தில் நன்றாகப் பேசிக்கொண்டே வந்து, பெயரைச் சொன்னதும் “ஆள் வந்துவிட்டது” என்றார்கள். ஒரு ஏஜென்ட் மட்டும் நேர்மையாக, “சிஸ்டர், ஓனர் என்ன இனம் என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறார்” என்றார். ஒரு மாதம்கூட வீட்டுக் கடனைத் தவறவிட்டதில்லை. பிறந்ததும் படித்ததும் இங்கேயேதான். இரண்டு மாதம் தலைசாய்க்க ஓர் இடம் கேட்டதற்கு இந்தப் பதில். “எல்லா ஓனரும் அப்படி இல்லை” என்று கீழே எழுதத் தோன்றும். இல்லைதான். ஆனால் ஒன்பது தடவை ஃபோனை வைத்தது நான்.

கடைசியில் அத்தையை சுங்கைப் பட்டாணியில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் மாடியில் படுத்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் அடுப்பை வைத்துச் சமைத்தோம். பாத்திரம் கழுவியது செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில். நீங்களும் வீட்டிலேயே இருந்துகொண்டு கட்டுவதாக இருந்தால், உடைக்கும் முன்பே முன்பக்கம் ஒரு சிங்க்கும் பிளக் பாயிண்ட்டும் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு 300 வெள்ளிகூட ஆகவில்லை. வெளியில் வாங்கிச் சாப்பிடும் செலவு அதைவிடப் பல மடங்கு.

சரி, எங்கே குறைக்கலாம் என்று கேட்டீர்கள். முதலில் அளவைக் குறையுங்கள். நாங்கள் முதல் தடவை பின்முற்றம் 14 அடியையும் கடைசி வரை அடைத்துக் கட்டினோம், 280 சதுர அடி. அத்தை அறையின் ஜன்னல் சமையலறைக்குள்தான் திறந்தது. மீன் பொரித்தால் அவர் போர்வையில் வாடை. பகலிலும் விளக்கு. இரண்டாவது தடவை 10 அடியோடு நிறுத்தி, நாலடியை வானம் பார்க்க விட்டோம். கட்டட விதிப்படி அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சம் வரும் ஜன்னலாக இருக்க வேண்டும், அதில் பாதியாவது திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 1984ஆம் வருட விதி அது. பிளான் வரைந்தவர் சொன்னபோது தொல்லையாகத்தான் தெரிந்தது. இப்போது அந்த நாலடியில்தான் துணி காய்கிறது, கறிவேப்பிலை நிற்கிறது, அத்தை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வானொலி கேட்கிறார். 80 சதுர அடிக்கான செலவு அப்படியே மிச்சம்.

தண்ணீர்க் குழாய்களை இடம் மாற்றாதீர்கள். சிங்க், கழிப்பறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் பழைய மேன்ஹோல் பக்கம் ஒரே சுவரில் இருக்கட்டும். எதிர்ச் சுவரில் சிங்க் வேண்டும் என்று ஆசைப்பட்டால் தரைக்கடியில் குழாய் நீளும், சரிவு வேண்டும், அடைத்தால் தரையை உடைக்க வேண்டும். பழைய பின்கதவு, கிரில், நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறப்பது) எதையும் ரோரோ தொட்டியில், அதாவது கட்டடக் குப்பைக்கு வைக்கும் பெரிய தொட்டியில், போட விடாதீர்கள். எங்கள் நாக்கோ ஜன்னல் இப்போது கழிப்பறையில் இருக்கிறது. தைல்ஸ் கடையில் மிச்சம் விழுந்த பெட்டிகளைக் கேளுங்கள், பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். பெட்டியில் இருக்கும் நிற எண் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, வெட்டில் வீணாவதற்குப் பத்துச் சதவீதம் கூடுதலாக எடுங்கள். சுவரில் உச்சி வரை தைல்ஸ் வேண்டாம், அடுப்புப் பக்கம் போதும். கேபினட்டை அடுத்த வருட போனஸில் கூடப் போடலாம். இதெல்லாம் பின்னால் மாற்றக்கூடியவை.

மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் போகிறவற்றில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள். தரை போடும் முன் அடிக்கும் கரையான் மருந்தும் அதில் சேர்த்தி. பூச்சு பூசும் முன் எல்லாக் குழாயையும் ஒயரையும், பக்கத்தில் டேப் வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

வேலை நடக்கும்போது “இதையும் செய்துவிடலாமா” என்று கேட்காதீர்கள். “சின்ன வேலைதான்கா” என்பார்கள், கடைசிக் கணக்கில் வரும். எங்களுக்கு அப்படி வந்தது 2,900 வெள்ளி.

பெர்மிட். அதற்கு ஆகும் செலவைச் செலவாகப் பார்க்காதீர்கள். சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974, பிரிவு 70, எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சேர்த்துக் கட்டக் கூடாது என்கிறது. உங்களுக்கு அது செபராங் பிறை மாநகர் மன்றம். இடிக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. “எங்கள் வீதியில் யாருமே எடுக்கவில்லை, என்ன ஆகிவிட்டது” என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். எங்கள் வீதியிலும் அப்படித்தான். பெர்மிட்டுக்குப் போயிருந்தால் அஸ்திவாரத்தைத் தெரிந்த ஒரு ஆள் தாளில் வரைந்திருப்பார் என்பதுதான் என் கவலை. நான் 16,000 மிச்சம் பிடித்ததில் அந்த ஆளும் போய்விட்டார்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். நான் எல்லாவற்றையும் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது இல்லை. விலை எழுதிய தாளில் அவர் பெயர்கூட இல்லை. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அப்போது 25,000 வெள்ளி வரை, இப்போது 50,000 வரை கோரலாம். என்னிடம் காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. அவர் எண்ணும் மாறிவிட்டது. நீங்கள் வங்கி வழியாக, வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கட்டுங்கள். கடைசிப் பத்துச் சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரியே அந்த 38,000 வெள்ளிக்காரருக்கு ஃபோன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். அண்ணே, தூணுக்குக் கீழே என்ன போடுவீர்கள், எத்தனை அடி? பழைய சுவரோடு சேரும் இடத்தில் என்ன செய்வீர்கள்? தரை மண்ணில் உட்காருமா, பீம்மில் நிற்குமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் இங்கே போடுங்கள், நானும் என் வீட்டுக்காரரும் படித்துவிட்டுச் சொல்கிறோம்.