பச்சை விழுந்தால் போதுமா? டெஸ்ட் பற்றிச் சில கேள்விகள்

கே: கவரேஜ் 90 சதவீதத்துக்கு மேல். எல்லா டெஸ்டும் பாஸ். அப்படியும் தப்பான பில் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. எப்படி? (பெருங்குடி)

ப: டெஸ்டுகள் ஓடும்போது கோடின் எத்தனை வரிகள் ஓடின என்று மட்டும்தான் கவரேஜ் பார்க்கும். வந்த விடை சரியா என்று பார்ப்பது, டெஸ்டுக்குள் எழுதும் 'அசெர்ஷன்' என்ற சரிபார்ப்பு வரியின் வேலை.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மின்கட்டணக் கணக்குக்கு ஒரு டெஸ்ட் இருந்தது. பெயர், 'முதல் 100 யூனிட் இலவசம்'. உள்ளே இரண்டே வரி: 100 யூனிட் என்று ஒரு ரீடிங், அப்புறம் கட்டணத்தைக் கணக்கிடும் ஃபங்ஷனுக்கு ஒரு கால். விடை பூஜ்யமா என்று கேட்கும் வரியைக் காணோம். சந்தேகம் வந்து, ஃபங்ஷனுக்குள் இருந்ததை முழுக்க அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் பச்சை, அதாவது பாஸ்! எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தப் பெயரை நம்பி எத்தனை பேர் அந்தக் கணக்கில் கை வைத்திருப்பார்கள்?

ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியைப் பயன்படுத்தினால், இஎஸ்லிண்ட் என்ற லிண்டருக்கான (கோடை ஓட்டாமலே தப்பைக் காட்டும் கருவி) ஜெஸ்ட் பிளகினில் 'எக்ஸ்பெக்ட்-எக்ஸ்பெக்ட்' என்ற ரூல் இதைப் பிடிக்கும். பரிந்துரைத்த செட்டிங்கில் அது வெறும் வார்னிங். வார்னிங்கால் பில்டு நிற்காது. எரராக மாற்றிவிடுங்கள். கூடவே 'வேலிட்-எக்ஸ்பெக்ட்' ரூலும் இருக்கட்டும். எக்ஸ்பெக்ட் என்று எழுதிவிட்டு, எதோடு ஒப்பிட வேண்டும் என்பதை விட்டுவிட்டால் அதுதான் சொல்லும். ஜாவாவுக்கு, கோடை அலசும் சோனார்க்யூப் கருவியில் எஸ்2699 என்ற ரூல். பிஹெச்பி மொழிக்கான பிஹெச்பியூனிட், அசெர்ஷன் இல்லாத டெஸ்டைத் தானாகவே 'ரிஸ்கி' என்று காட்டும்.

கே: சரிபார்க்கும் வரிகளைத் தனி ஹெல்பர் ஃபங்ஷனில் வைத்திருக்கிறோம். லிண்டர் அதையும் தப்பு என்கிறது. (சிறுசேரி)

ப: அந்த 'எக்ஸ்பெக்ட்-எக்ஸ்பெக்ட்' ரூல் 'எக்ஸ்பெக்ட்' என்ற பெயரை மட்டுமே தேடுகிறது. 'அசெர்ட்ஃபங்ஷன்நேம்ஸ்' ஆப்ஷனில் உங்கள் ஹெல்பர் பெயரையும் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு ஒரே மாதிரி தொடங்கும் பெயர்களை மொத்தமாகவும் சேர்க்கலாம். ஆனால் எல்லாப் பெயரும் பொருந்துகிற அளவுக்கு அதை விரித்துவிட்டால் ரூல் இருந்தும் இல்லாதது போலத்தான்.

கே: எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வராமல் ஓடினால் போதும் என்கிற டெஸ்டுக்கும் அசெர்ஷன் வேண்டுமா?

ப: வேண்டும். அந்த எதிர்பார்ப்பையே எழுதிவிடுங்கள். ஜாவாவின் ஜேயூனிட் 5-இல் 'அசெர்ட்டஸ்நாட்த்ரோ', ஜெஸ்டில் 'நாட்.டுத்ரோ'. அடுத்து படிப்பவருக்கு, மறந்துபோனதா, வேண்டுமென்றே விட்டதா என்ற குழப்பம் வராது.

கே: பைத்தானில் என்ன கவனிக்க வேண்டும்?

ப: இரண்டு சறுக்கல்கள். 'அசெர்ட்' என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் ஒப்பீட்டை மட்டும் எழுதுவது. இதை ரஃப் என்ற லிண்டரின் பி015 ரூல் பிடிக்கும். அப்புறம், அசெர்ட்டுக்குப் பின் நிபந்தனையையும் செய்தியையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போடுவது. அது டியூப்பிள், அதாவது பல மதிப்புகள் சேர்ந்த ஒரே தொகுப்பு, ஆகிவிடும். காலியாக இல்லாத டியூப்பிள் எப்போதும் உண்மைதான் என்பதால் அந்த அசெர்ட் எப்போதும் பாஸ். இதற்கு ரஃபில் எஃப்631 ரூல்.

கே: பழைய புராஜெக்டில் ரூலைப் போட்டதும் நூற்றுக்கணக்கில் எரர். டீமில் சிலர் 'ட்ரூ என்பது ட்ரூதானா' என்று ஒரு வரி சேர்த்து அதன் வாயை அடைக்கிறார்கள். (அம்பத்தூர்)

ப: தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். காலியான டெஸ்டையாவது லிண்டர் காட்டிக்கொடுக்கும். பொய் அசெர்ஷன் போட்டதை இந்த ரூலால் கண்டுபிடிக்க முடியாது. இஎஸ்லிண்ட் 9.24 முதல் 'சப்ரெஸ்-ஆல்' வசதி இருக்கிறது. இப்போதுள்ள தப்புகளை ஒரு ஃபைலில் குறித்து வைத்துக்கொண்டு, புதிதாக வருவதற்கு மட்டும் பில்டை நிறுத்தும். பழையவற்றில் பணம் சம்பந்தப்பட்ட டெஸ்டுகளை முதலில் எடுங்கள்.

அவற்றைத் திருத்திய பிறகு மியூட்டேஷன் டெஸ்டிங் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர், ஜாவாவுக்குப் பிட், பைத்தானுக்கு மியூட்மட். நான் கையால் ஃபங்ஷனை அழித்துப் பார்த்த மாதிரி, இவை கோடை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து, டெஸ்ட் ஃபெயில் ஆகிறதா என்று பார்க்கும். நேரம் பிடிக்கும் வேலை. அதனால் கட்டணக் கணக்கு மாதிரி ஒரே ஒரு மாட்யூலை எடுத்து, ராத்திரி ஓட விட்டுவிட்டுப் போங்கள்.