ஒளியைப் பிடித்துக் கைமாற்றும் மூலக்கூறுகள்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். மூலக்கூறு ஒளியைப் பிடிக்கிறது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்: ஒளித்துகளான ஃபோட்டானை விழுங்கியதும் மூலக்கூறின் ஓர் எலக்ட்ரான் மேலான ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. அதுதான் கிளர்வு நிலை. பச்சையத்தில் அது சில நானோ நொடிகளே நீடிக்கும் (ஒரு நானோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு). அதற்குள் ஆற்றலைக் கைமாற்றாவிட்டால் வெப்பமாகவோ சிவப்பு ஒளியாகவோ வீணாகிவிடும். எங்கள் ஆய்வு முழுவதும் இந்த அவசரத்தைப் பற்றியதுதான்.

கேள்வி: அந்தச் சிவப்பு ஒளியைக் கண்ணால் பார்க்கலாமா? நான் பதினோராம் வகுப்பு.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம்மா. பசுமையான இலைகளை ஆல்கஹாலில் நசுக்கி வடிகட்டி, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார். பச்சைத் திரவம் ரத்தச் சிவப்பாக ஒளிரும். (நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது.) அதே டார்ச்சை முழு இலைமேல் அடித்தால் அந்தச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. இலைக்குள் புரதங்கள் பச்சையத்தை நெருக்கமாக, சரியான கோணத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. ஆற்றல் தாவித் தாவி, அதை வேதிவினைக்குப் பயன்படுத்தும் இடமான வினை மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். திரவத்தில் அந்த வழி கலைந்துபோகிறது. மூலக்கூறு அதேதான், மாறியது அடுக்கு மட்டுமே. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இது.

கேள்வி: ஒன்று ஒளியை உமிழ, பக்கத்து மூலக்கூறு அதை விழுங்குகிறதா?

பதில்: இல்லை, நடுவே ஃபோட்டான் வெளியே வருவதே இல்லை. ஒரே சுருதியுள்ள இரண்டு இசைக்கவைகளில் ஒன்றைத் தட்டினால் மற்றதும் அதிரும் அல்லவா, அந்த மாதிரி. தியோடர் ஃபார்ஸ்டர் 1948-ல் இதற்குக் கணக்கு கொடுத்தார். தூரம் இரட்டித்தால் கைமாற்றும் வேகம் 64-ல் ஒரு பங்காகிவிடும். அதனால் 10 நானோ மீட்டரைத் தாண்டினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனால் மூலக்கூறுகள் மிக நெருங்கிவிட்டால் இந்தக் கணக்கு போதாது. கிளர்வு ஒன்றில் நிற்காமல் பலவற்றின் மேல் பரவிவிடும்.

கேள்வி: இவ்வளவு வேகத்தை எந்தக் கடிகாரத்தால் அளக்கிறீர்கள்?

பதில்: கண்ணாடியால்! ஒரு லேசர் துடிப்பு, ஆய்வு செய்யும் பொருளைக் கிளறிவிடும், இன்னொன்று பின்னால் வந்து நிலைமையைப் பார்க்கும். இரண்டாவதன் பாதையில் அதைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை 0.15 மில்லி மீட்டர் பின்னுக்கு நகர்த்தினால், போய்வரும் தூரம் 0.3 மில்லி மீட்டர் கூடும். ஒளி சுமார் ஒரு பிகோ நொடி (நானோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாமதமாக வரும். இப்படி நகர்த்தி நகர்த்தியே முழுக் கதையையும் படித்துவிடலாம். வேதிவினைகளை அதைவிட ஆயிரம் மடங்கு சிறிய ஃபெம்டோ நொடி அளவில் பார்க்கும் வழியைத் திறந்ததற்காக அகமது ஜெவைலுக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: இலை ஒரு குவாண்டம் கணினி என்கிறார்களே?

பதில்: மிகைப்படுத்தல். 2007-ல் பசுங்கந்தக பாக்டீரியாவின் புரதத்தில் குவாண்டம் அறிகுறி என்று கருதப்பட்ட அலைவுகள் தெரிந்தபோது அப்படி ஒரு பரபரப்பு எழுந்தது. பின்னர் வந்த ஆய்வுகள், அவற்றில் நீண்ட நேரம் நீடித்தவை பெரும்பாலும் மூலக்கூறு அதிர்வுகளே என்று காட்டின. கிளர்வு பரவுவது குவாண்டம் விளைவுதான், அதில் சந்தேகமில்லை. அதற்காகக் கணினி என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: இலையிலுள்ள மஞ்சள் நிறமியான கரோட்டினாய்டுக்கு என்ன வேலை?

பதில்: பச்சையம் சரியாக உறிஞ்சாத நீலப்பச்சை ஒளியைப் பிடித்துத் தரும். வெயில் மிஞ்சினால் உபரி ஆற்றலை வெப்பமாக்கி, தீங்கான ஆக்சிஜன் வடிவம் உருவாகாமல் காக்கும். என் பார்வையில் இந்தக் காவல்தான் அதன் பெரிய வேலை. கரோட்டினாய்டு இல்லாத செடிகள் வெயிலில் வெளுத்துச் செத்துப்போகும்.