கன்ட்ரோல் இருக்கிறது, கண்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கார் லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ரிவர்ஸ் எடுப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது எல்லாம் என்னைவிட நன்றாகச் செய்கிறான். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தால் என் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறது. ‘மெதுவாப் போடா’ என்றால், ‘கன்ட்ரோல் இருக்குப்பா, இதுவரை ஒரு கீறல் விழுந்திருக்கா?’ என்கிறான். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?
- வாசகர், நாமக்கல்

பதில்: வீண் பயம் இல்லை சார். அதே சமயம், உங்கள் மகன் சொல்வதும் பொய் இல்லை. கிளட்சும் கியரும் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். பிரேக்குக்குப் போவதில் 19 வயதுக் கால் நம் காலுக்கு இளைத்ததல்ல. எப்போது போக வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டிய கண்தான் இன்னும் பழகவில்லை.

நிறுத்தத்தில் ஒரு டவுன் பஸ் நிற்கிறது. அவனுக்கு, வலப்பக்கம் இடம் இருக்கிறது, தாண்டிவிடலாம். நீங்களோ பஸ்ஸுக்கு அடியில் தெரியும் செருப்புக் கால்களைப் பார்த்திருப்பீர்கள். அவை முன்பக்கமாக நகர்கின்றன, யாரோ குறுக்கே வரப்போகிறார். அதற்குள் உங்கள் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டிருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஒரு நொடி முந்திப் பார்த்தவருக்கு அத்தனை தூரமும் மிச்சம்.

புதிதாக ஓட்டுபவர்களின் பார்வை பானெட்டுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். பக்கவாட்டில் அலையாது, கண்ணாடிக்கும் அதிகம் போகாது. பிரிட்டனில் 2002 முதல் லைசென்ஸ் தேர்விலேயே இதைச் சோதிக்கிறார்கள். 14 வீடியோக்கள் ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்கியதுமே மவுஸை அழுத்தினால் 5 மதிப்பெண், தாமதித்தால் குறையும். (சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் பூஜ்யம். நம் பிள்ளைகள் முதலில் அதைத்தான் முயன்று பார்ப்பார்கள்!) எனக்கெல்லாம் மைதானத்தை ஒரு சுற்று சுற்றியதோடு சரி.

அந்தக் ‘கீறல்’ வாதம்தான் எனக்குக் கவலை. பெரும்பாலான பஸ்களுக்கு முன்னால் யாரும் ஓடி வருவதில்லை. வராத ஒவ்வொரு முறையையும் அவன் தன் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்கிறான்.

‘மெதுவாப் போ’ என்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். ஒரு ஞாயிறு காலை நீங்கள் ஓட்டுங்கள், கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. ‘ஆட்டோக்காரர் தலையைத் திருப்புகிறார், யு-டர்ன் போடுவார்.’ ‘நிற்கிற காருக்குள் ஆள் இருக்கிறார், கதவு திறக்கலாம்.’ ‘ஒரு ஆடு கடந்துவிட்டது, பின்னால் இன்னொன்று வரும்.’ அப்புறம் அவனிடம் சாவியைக் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் அலுத்துவிடும். என் அண்ணன் மகளிடம் செய்து பார்த்தேன். முதல் நாள் வாய் சாலைக்கு ஈடுகொடுக்க முடியாமல், அவளாகவே வேகத்தைக் குறைத்தாள்.

இன்னொன்று, கூட வரும் கூட்டம். நியூசிலாந்தில் 1987 முதலே லைசென்ஸைப் படிப்படியாகத்தான் தருகிறார்கள். இடைப்பட்ட கட்டத்தில், அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் இரவு 10 மணிக்கு மேல் ஓட்டவோ நண்பர்களை ஏற்றவோ கூடாது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது, 70 கொண்டை ஊசி வளைவு. நண்பர்களோடு போகிறேன் என்று சீக்கிரமே கேட்பான். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பரவாயில்லை.